கழற்றி வைத்த காலிங்பெல்

1

பட்டாபிராமில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒருவரை நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். சொந்தம் கிடையாது. ஆவடி டேங்க் ஃபேக்டரியில் அப்பாவோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, காபியைக்கூடத் தொடாமல் கேட்டார்.

"தம்பி, பேரன் மேல எங்களுக்கு ஏதாச்சும் ரைட்ஸ் இருக்கா? நீ கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லேன்."

மகள் இறந்து நாலு வருஷம் ஆகிறது. பேரனுக்கு எட்டு வயசு. அப்பாவோடு பூந்தமல்லியில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறான். மருமகன் கெட்டவர் இல்லை, குடிக்கிறவரும் இல்லை. ஐடி கம்பெனிக்கு நைட் ஷிஃப்ட் கேப் ஓட்டுகிறார். ராத்திரி எட்டு மணிக்குப் பையனுக்குச் சாப்பாடு போட்டு, கையில் ஒரு போனைக் கொடுத்து, வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுகிறார். விடியற்காலையில் வந்து திறக்கிறார். "நெருப்பு கிருப்பு பத்திக்கிச்சுன்னா?" என்று பெரியப்பா கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. ஒரு ரிலீஸ் இருக்கிற வாரத்தில் ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை ஓஎம்ஆரிலிருந்து வீட்டில் கொண்டுவந்து விடுவதும் இப்படி ஒரு கேப்தான். அதை ஓட்டுகிறவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

(அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பூட்டை மட்டும் மாற்றவில்லை.)

அன்றைக்கு நான் சொன்னது மடத்தனமான யோசனை. "அடுத்த வாட்டி லீவுக்கு வந்தா திருப்பி அனுப்பாதீங்க பெரியப்பா, நம்ம புள்ளதான?" என்றேன். சாயங்காலம் வக்கீல் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது போனிலேயே கத்தினாள். அப்பாவுக்குச் சொல்லாமல் பையனை வைத்துக்கொண்டால் அவர் நேராக உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். வெளியே பூட்டிய வீட்டைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் பெரியப்பா பையனைக் கொண்டுபோய்விட்டதைப் பற்றிப் பேசுவார்கள். "உன் பெரியப்பாவ வில்லன் ஆக்கிடாத" என்றாள்.

அந்த வார்த்தை எனக்குள்ளே சுற்றிக்கொண்டே இருந்தது. நம் கதைகளில் தாத்தா பாட்டிக்கு என்னென்ன வேஷம் கொடுத்திருக்கிறோம்? வில்லன் வேஷம் அபூர்வம். வாதி வேஷம்? யோசிக்க யோசிக்க ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

2

தமிழில் எல்லோருக்கும் தெரிந்த முதல் பாட்டி வடை சுட்ட பாட்டி. தனியாக உழைத்துச் சாப்பிடும் பெண். பட்டப்பகலில் அவளுடைய பொருள் திருடு போகிறது. கதை உடனே காக்காவையும் நரியையும் பின்தொடர்ந்து போய்விடுகிறது. பறிகொடுத்தவள் என்ன செய்தாள், யாரிடம் போய் முறையிட்டாள் என்று நான் கேட்ட எந்த வெர்ஷனிலும் இல்லை. விளையாட்டுக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இந்தக் கதையில் ஒரு அச்சு இருக்கிறது. நம் புனைவில் பாட்டி என்பவள் கொடுக்கிறவள், இழக்கிறவள். கேட்கிறவள் இல்லை.

இன்னும் பின்னால் போனால் சங்கப் பாடல்களின் செவிலித்தாய். உடன்போக்கு போன பெண்ணைத் தேடிக்கொண்டு பாலை வழியில் நடக்கிறாள். கலித்தொகையின் ஒரு பாலைப் பாட்டில், எதிரே வரும் அந்தணர்களிடம் அவள் விசாரிக்கிறாள். சந்தனமும் முத்தும் பிறந்த இடத்துக்குப் பயன்படுவதில்லை, அவள் போனது அறத்தின் வழிதான் என்கிற ரீதியில் பதில் வருகிறது. பதில் அழகானது, தத்துவார்த்தமானது. ஆனால் பாருங்கள், பால் கொடுத்து வளர்த்தவளின் கேள்விக்கு ஒரு உவமையைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பாசத்துக்குக் குறையே இல்லாதவள், உரிமை மட்டும் இல்லாதவள். இன்றைக்குக் குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் நிற்கிற அம்மம்மாக்களுக்கு இவள் முன்னோடி.

இந்த வரிசையில் ஜனங்கள் மறக்காத படைப்பு என்றால் அது கவிதையோ கதையோ இல்லை, ஒரு சினிமா. ஃபாசில் இயக்கி 1985இல் வந்த 'பூவே பூச்சூடவா'. நம்மில் பல பேருக்கு இது 'சின்னக்குயில்' சித்ரா பாட்டாகவும் நதியாவின் முதல் தமிழ்ப் படமாகவும்தான் தெரியும். மலையாளத்தில் அதற்கு முந்தைய வருஷம் அவரே எடுத்த படத்தின் தமிழ் வடிவம். பெரியப்பா வந்துவிட்டுப் போன வாரம் அதைத் திரும்பப் பார்த்தேன்.

பத்மினி தனியாக இருக்கும் பாட்டி. மகள் செத்துப்போனாள். பேத்தியை மருமகன் தன்னோடு கொண்டுபோய்விட்டார். அந்தக் கசப்பில் பாட்டி இறுகிக் கிடக்கிறாள். தெருப் பிள்ளைகள் அழுத்திவிட்டு ஓடுகிறார்கள் என்று வாசலில் இருந்த காலிங்பெல்லைக் கழற்றிவிட்டாள். வளர்ந்து நிற்கும் பேத்தி திடீரென்று வந்து சேர்கிறாள். முதலில் முறைத்துக்கொள்கிறார்கள், பிறகு ஒருத்தியை விட்டு ஒருத்தி இருக்க முடியாமல் போகிறது. பேத்திக்கு உயிர்போகும் நோய் இருப்பது அப்புறம்தான் தெரிகிறது. அப்பா வந்து ஆபரேஷனுக்குக் கூப்பிடுகிறார். பேத்தி பாட்டியோடுதான் இருப்பேன் என்கிறாள். பாட்டி அவளுக்குத் தெரியாமல் தூக்க மருந்தைக் கலந்து கொடுத்து, தூங்குகிறவளை அப்பாவோடு அனுப்பிவைக்கிறாள். பிறகு கழற்றிய பெல்லை எடுத்து மறுபடி மாட்டுகிறாள்.

நாற்பது வருஷமாக இந்த முடிவைத் தியாகம் என்றுதான் வாசித்துக்கொண்டிருக்கிறோம். நானும் அழுதிருக்கிறேன், இந்த முறையும் அழுதேன். ஆனால் அழுதுமுடித்த பிறகு அந்தக் காட்சியில் ஒரு விஷயம் உறுத்தியது. இரண்டு பெரியவர்கள் சேர்ந்து ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்கிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அதற்காக அவளைத் தூங்கவைக்க வேண்டியிருக்கிறது. அவள் விழித்திருந்தால் அந்தக் கிளைமாக்ஸ் நடக்காது.

தியாகக் கதைகளின் ரகசியம் இது. விட்டுக்கொடுக்கிறவர் மேல் கேமரா நிற்கிறது. விட்டுக்கொடுக்கப்பட்டவள் தூங்குகிறாள்.

3

பெரியப்பா கேட்டதற்காக நான் சட்டத்தைப் படித்தேன். வேலையில் டாக்குமென்டேஷன் படிக்கிற பழக்கம்தான்: முதலில் சொற்களின் வரையறை, அப்புறம் விதிவிலக்கு. இது வக்கீல் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு சட்டத்தையும் பிரதியாக வாசிக்கலாம். அதில் யார் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார்கள், யார் 'மற்றவர்கள்' ஆகிறார்கள் என்று பார்க்கலாம்.

மூலப் பிரதி 1890இன் பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தது, இன்றும் இதுதான் ஓடுகிறது. ஒரு குழந்தைக்குப் பாதுகாவலரை நியமிக்கச் சொல்லி யார் மனு போடலாம் என்பது 8ஆம் பிரிவு. பாதுகாவலராக இருக்க விரும்புகிறவர், குழந்தையின் உறவினர் அல்லது நண்பர், கலெக்டர். தாத்தா, பாட்டி என்ற சொல் அங்கே இல்லை. 'உறவினர் அல்லது நண்பர்' என்ற கூட்டத்துக்குள் அவர்களும் நிற்கலாம். இதைப் படித்துக் காட்டியபோது பெரியம்மா, "ஃபிரெண்டும் நானும் ஒண்ணா?" என்றார். நல்ல விமர்சகி.

ஆனால் இந்த வரியிலேயே ஒரு தாராளமும் இருக்கிறது. நண்பரே மனு போடலாம் என்றால் பாட்டியை யாரும் வாசலில் தடுக்க முடியாது. உள்ளே போன பிறகுதான் சிக்கல். 19ஆம் பிரிவு வழியை மறிக்கிறது: அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்து, அவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாவிட்டால் வேறொருவரைப் பாதுகாவலராக நியமிக்கக் கூடாது. இதில் 'அம்மா' என்ற சொல்லே 2010 திருத்தத்தில்தான் வந்தது. அதுவரை அப்பா மட்டும். எங்கள் பாஷையில் சொன்னால் அப்பா டிஃபால்ட் வேல்யூ.

1956இன் இந்து இளவர் மற்றும் பாதுகாப்புச் சட்டத்திலும் அதே டிஃபால்ட். 6ஆம் பிரிவு இயற்கைப் பாதுகாவலர் அப்பா என்கிறது, அவருக்குப் 'பிறகு' அம்மா. இந்தப் 'பிறகு' என்ற ஒற்றைச் சொல்லை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர் ஒரு நாவலாசிரியர் என்பது இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். மகன் பெயரில் பத்திரம் வாங்கப் போன கீதா ஹரிஹரனிடம் அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. 1999இல் வந்த தீர்ப்பு, 'பிறகு' என்றால் 'செத்த பிறகு' என்று மட்டும் பொருள் இல்லை, 'அவர் இல்லாத நிலையில்' என்றும் கொள்ளலாம் என்றது. ஒரு சொல்லைக் கூர்ந்து வாசித்ததால் ஒரு தேசத்து அம்மாக்களின் நிலை மாறியது. வாசிப்பு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் இனிமேல் இந்த வழக்கைத்தான் சொல்லப்போகிறேன்.

தாத்தா பாட்டி அந்தப் 'பிறகு'க்கும் வெளியே நிற்கிறார்கள். அப்படியென்றால் நம் சட்டங்களில் அவர்களுக்குப் பெயரே இல்லையா? தேடினேன். இரண்டு இடங்களில் கிடைத்தது, இரண்டும் விநோதமானவை. 2015இன் இளைஞர் நீதிச் சட்டம் 'உறவினர்' என்பதை வரையறுக்கும்போது இருபக்கத் தாத்தா பாட்டியையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது, ஆனால் அது தத்தெடுப்புக்காக. 2007இன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 'பிள்ளைகள்' என்ற சொல்லுக்குள் பேரன் பேத்தியையும் கொண்டுவருகிறது. ஆஹா என்று அடுத்த வரிக்குப் போனால், மைனர் சேர்த்தியில்லை. அதாவது பேரனுக்கும் தாத்தாவுக்கும் நடுவில் ஒரு சட்டப்பூர்வ உறவு இருக்கிறது. பேரன் பதினெட்டு வயசு தாண்டி, தாத்தாவுக்குச் சோறு போடவேண்டிய நாள் வந்த பிறகு. அவனுக்கு எட்டு வயசாக இருக்கும்போது தாத்தா ஒரு 'உறவினர் அல்லது நண்பர்'.

4

சட்டம் சுருக்கமாகப் பேசும். தீர்ப்புகள்தான் கதை சொல்லும். இரண்டு தீர்ப்புகளை அடுத்தடுத்து வாசித்தேன்.

முதலாவது 2022 ஜூன் மாதத்தது. கோவிட் இரண்டாம் அலையில் அகமதாபாத்தில் அம்மாவையும் அப்பாவையும் இழந்த சின்னப் பையன். ஒரு பக்கம் அப்பாவைப் பெற்றவர்கள், மறுபக்கம் அம்மாவின் சகோதரி. குஜராத் உயர்நீதிமன்றம் சித்தியிடம் கொடுத்தது. அவர் அரசு வேலையில் இருக்கிறார், கூட்டுக் குடும்பம், தாத்தா பாட்டிக்கோ வயசாகிவிட்டது, பென்ஷனில் வாழ்கிறார்கள். உச்ச நீதிமன்றம் இதைத் திருப்பிப் போட்டது. வருமானமும் வயசும் வீட்டில் எத்தனை பேர் என்பதும் மட்டும் அளவுகோல் ஆகாது என்றது. நம் சமூகத்தில் தாத்தா பாட்டிதான் பேரனை எப்போதும் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள், அவர்களுக்குத்தான் உணர்வுப் பிணைப்பு அதிகம் என்ற பொருளில் எழுதியது. வாட்ஸப்பில் இது சுற்றோ சுற்று என்று சுற்றியது. பெரியப்பாவுக்கும் வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் என்னிடம் வந்திருக்கிறார்.

இரண்டாவது 2025 பிப்ரவரி. அம்மா இறந்துவிட்டார், பையன் அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில் இருக்கிறான், மறுமணம் செய்துகொண்ட அப்பா கேட்கிறார். அலகாபாத் உயர்நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றம் அப்பாவிடம் கொடுக்கச் சொன்னது. இயற்கைப் பாதுகாவலரான அப்பாவைவிடத் தாத்தா பாட்டிக்கு மேலான உரிமை இருக்க முடியாது என்பது அதன் சாரம். கல்வியாண்டு முடியும்வரை பொறுக்கச் சொன்ன இங்கிதம் அதில் இருந்தது.

முதல் தீர்ப்பில் பாட்டிப் பாசம் பற்றி அவ்வளவு உருகிய நீதிமன்றம் இரண்டாவதில் ஏன் இறுகிவிட்டது? முரண்பாடு என்று தோன்றும், ஆனால் இல்லை. எதிரே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். 2022இல் எதிரே நின்றவர் இன்னொரு 'உறவினர்'. 2025இல் எதிரே நின்றவர் அப்பா. பாசம் பற்றிய அந்த வரிகள் ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு பேருக்கு நடுவில் தராசைச் சாய்க்கும், வரிசையையே மாற்றாது. பெரியப்பாவின் கேள்வியில் எதிரே நிற்பவர் அப்பா. வாட்ஸப்பில் வந்தது தப்பான தீர்ப்பு இல்லை, இன்னொருவர் வீட்டுத் தீர்ப்பு.

அதோடு ஒரு விமர்சனம். 'தாத்தா பாட்டி எப்போதும் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்' என்பது வடை சுட்ட பாட்டியின் இன்னொரு வடிவம். எல்லாப் பாட்டியும் பத்மினி இல்லை. பேரனிடம் அப்பாவைப் பற்றி விஷம் ஊற்றுகிற தாத்தாக்களை நான் பார்த்திருக்கிறேன். இறந்த மகளின் நகைக்காகப் பேத்தியைப் பிடித்து வைத்துக்கொண்ட கதையும் எங்கள் ஏரியாவில் உண்டு. ஒரு தீர்ப்பு தனக்கு முன்னால் இருக்கிற இந்தப் பாட்டியைப் பார்க்காமல் 'பாட்டி' என்ற சித்திரத்தைப் பார்த்து எழுதினால் அது சினிமா வசனம் ஆகிவிடும்.

மூன்றாவதாக ஒரு தீர்ப்பு உண்டு, 2008இல் வந்தது. அது இந்த இரண்டையும் விட எனக்கு நல்ல இலக்கியமாகப் படுகிறது. ஒரு பெண் இறக்கிறாள், வரதட்சணைக் கொடுமை வழக்கில் கணவர் குற்றம் சாட்டப்படுகிறார். பையன் அம்மாவைப் பெற்றவர்களிடம் வளர்கிறான். கீழ் நீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் அப்பாதான் இயற்கைப் பாதுகாவலர் என்று அவனை அவரிடம் அனுப்பச் சொல்கின்றன. உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைக் கேட்டது. அப்பாவின் மேல் இருக்கிற குற்ற வழக்கை எப்படிக் கண்டுகொள்ளாமல் விட்டீர்கள்? பையன் என்ன நினைக்கிறான் என்று ஏன் பார்க்கவில்லை? அவன் அப்பாவோடு போக விரும்பவில்லை, தாத்தா பாட்டியோடு இருக்கிறேன் என்றான். அவர்களிடமே விட்டது. சொந்தமாக ஒரு முடிவைச் சொல்லும் வயசு வந்த குழந்தையின் விருப்பத்தைக் கேட்கலாம் என்று 1890 சட்டத்தின் 17ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 1973லேயே, சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேலே போன ஒரு வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் சொத்தும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை என்ற பொருளில் சொல்லியாகிவிட்டது.

இங்கேதான் சட்டம் நம் சினிமாவை முந்துகிறது. 'பூவே பூச்சூடவா' பேத்தியைத் தூங்கவைத்தது. 1890இல் எழுதிய ஒரு காலனியச் சட்டம் அவளை எழுப்பிக் கேட்கச் சொல்கிறது.

5

அப்படியானால் பெரியப்பாவுக்கு என்ன பதில்? தோழி சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதன் சுருக்கத்தை இங்கேயும் வைக்கிறேன். இலக்கிய இதழில் இது எதற்கு என்று கேட்பவர்கள் தாண்டிப் போகலாம்.

ராத்திரியில் குழந்தை தனியாகப் பூட்டப்பட்டிருப்பது அவசரமான ஆபத்து என்றால் நீதிமன்றத்துக்கு முன்னால் 1098. யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். அது மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் போகும். ஒரு தலைவர், நாலு உறுப்பினர். பெற்றோர் இருந்தும் பாதுகாக்க முடியாத நிலையில் இருக்கிற குழந்தையும் 'கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை'தான். குழு விசாரித்து, அப்பாவிடமே விட்டு மேற்பார்வை வைக்கலாம், தகுதியான வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். எந்த மாவட்டம் என்பதும் முக்கியம். அம்பத்தூர் 2018இல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது, ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். நாம் ஒரே பஸ்ஸில் கடக்கிற எல்லையைக் காகிதம் கடக்காது.

நிரந்தரமாகக் கேட்பதென்றால் 1890 சட்டப்படி மனு. குழந்தை வழக்கமாக வசிக்கிற இடத்தை வைத்துத்தான் நீதிமன்றம் தீர்மானமாகும், அதாவது பட்டாபிராமை வைத்து இல்லை, பூந்தமல்லியை வைத்து. வழக்கு முடியும்வரை இடைக்கால ஏற்பாடு கேட்கலாம். பாதுகாவலர் பதவி வேறு, குழந்தை யாரோடு இருக்கிறது என்பது வேறு, பார்த்துவிட்டு வரும் அனுமதி வேறு. மூன்றையும் தனித்தனியாகக் கேட்கலாம். கடைசியில் சொன்னதற்குத் தாத்தா பாட்டிக்கென்று எழுதப்பட்ட சட்ட விதி கிடையாது. நீதிமன்றங்கள் குழந்தையின் நலனைப் பார்த்துக் கொடுக்கின்றன. 2015இல் சட்ட ஆணையம் தன் 257ஆம் அறிக்கையில் தாத்தா பாட்டியோடு குழந்தை கழிக்கும் நேரத்தைப் பற்றியும் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. மனுவைப் பெரியம்மா பெயரில் போட்டால் இலவச சட்ட உதவி கிடைக்கும். 1987 சட்டப்படி பெண்களுக்கு அதில் வருமான வரம்பு இல்லை.

தாளை வாங்கிக்கொண்டு பெரியப்பா கேட்டார்: "கஸ்டடின்னா போலீஸ் கஸ்டடி மாதிரியா?" தமிழில் நமக்கு இதற்குச் சொல் இல்லை. செய்தித்தாள் பழக்கிய ஒரே 'கஸ்டடி' லாக்கப்தான். இந்தத் துறையின் மையச் சொல்லான 'நலன்' என்பதும் அப்படித்தான், அரசாணையில் மட்டும் வாழ்கிற சொல். பெரியம்மா பேசும் தமிழில் அது வேறு மாதிரி இருந்தது: "புள்ளைக்கு எது நல்லதோ." எந்தத் தீர்ப்பும் இதைவிடச் சரியாக வரையறுத்துவிடவில்லை.

வெளிநாட்டிலும் இது தீர்ந்த விஷயம் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் இறந்த மகனின் பிள்ளைகளைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாத்தா பாட்டி போட்ட வழக்கில், 2000இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் நின்றது. தன் பிள்ளையைப் பற்றித் தகுதியுள்ள பெற்றோர் எடுக்கும் முடிவுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றது. பிரான்சின் சிவில் சட்டம் 371-4 இதை வேறு பக்கத்திலிருந்து எழுதுகிறது. தாத்தா பாட்டியோடு உறவு வைத்துக்கொள்வது குழந்தையின் உரிமை என்கிறது. எழுவாயை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். "பேரன் மேல எங்களுக்கு ரைட்ஸ் இருக்கா?" என்ற கேள்வி "பேரனுக்கு எங்க மேல ரைட்ஸ் இருக்கா?" என்று ஆகிறது.

6

இந்த எழுவாய் மாற்றத்தைத் தமிழில் செய்த கதை ஒன்று உண்டு. ஜெயகாந்தனின் 'யுகசந்தி'. நாம் அதை விதவை மறுமணக் கதையாகப் பாடம் படித்து முடித்துவிட்டோம். நெய்வேலியில் டீச்சராக இருக்கும் பேத்தி கீதா, இளம் விதவை, மறுமணம் செய்துகொள்ள முடிவெடுக்கிறாள். மகன் அவளைத் தலைமுழுகத் தயாராகிறான். மொட்டைத்தலை கௌரிப் பாட்டி பேத்தியோடு இருக்கக் கிளம்பிப் போகிறாள்.

பேத்தியை மகனிடமிருந்து மீட்டுத் தன் வீட்டுக்குக் கொண்டுவர கௌரிப் பாட்டி முயலவில்லை. பத்மினியைப் போலத் தூங்கவைத்து அனுப்பவும் இல்லை. பேத்தி எடுத்த முடிவைப் பேத்தியின் முடிவாகவே ஏற்றுக்கொண்டு தன்னுடைய விலாசத்தை மாற்றிக்கொள்கிறாள். கொடுக்கிறவளும் இல்லை, இழக்கிறவளும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவள். வளர்ந்த பேத்தியின் கதையை எட்டு வயசுப் பையனுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது தெரியும். ஆனால் தாத்தா பாட்டிக்கு 'எடுத்துக்கொள்' அல்லது 'விட்டுக்கொடு' என்ற இரண்டு கதவுகள் மட்டும் இல்லை என்று அந்தக் கதை எனக்குக் காட்டியது.

இதை நான் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. அவர் கதை எல்லாம் படிக்கிறவர் இல்லை. தோழி மனுவை எழுதி முடித்திருந்தாள், தாக்கல் செய்வதற்கு முன்னால் ஒரு தடவை எல்லோரும் உட்கார்ந்து பேசலாம் என்றாள். பூந்தமல்லி வீட்டில் உட்கார்ந்தோம். மருமகன் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "பகல் டூட்டில வர்ற காசுல கார் டியூ கட்ட முடியாது மாமா. நான் மட்டும் ஆசப்பட்டா பூட்டிட்டுப் போறேன்?" நாலு வருஷத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்டிருக்கவில்லை. அவருக்கும் மாமனார் வீட்டில் உதவி கேட்டால் பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்கு என்னுடைய ஞாயிற்றுக்கிழமை யோசனையே ஆதாரம்.

இப்போது பெரியம்மா வாரத்தில் ஐந்து ராத்திரி பூந்தமல்லியில் படுக்கிறார். சாயங்காலம் ஆவடி வந்து பஸ் மாறிப் போகிறார், காலையில் பையனை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டுத் திரும்புகிறார். முட்டிவலி. பெரியப்பா தனியாக தோசை சுட்டுக்கொள்கிறார். இது தீர்வு என்று சொல்ல மாட்டேன். இதற்கு எந்தக் காகிதமும் இல்லை. மருமகன் மறுமணம் செய்துகொண்டாலோ, வீடு மாற்றினாலோ, ஒரு வாய்ச்சண்டை வந்தாலோ நாளைக்கே முடிந்துபோகும். அதனால் மனுவைக் கிழிக்கவில்லை, பீரோவில் இருக்கிறது. பெரியம்மா நல்லவர், மருமகன் நல்லவர் என்பதால் இது ஓடுகிறது. நல்லவர்கள் இல்லாத வீட்டுக்குத்தான் சட்டம் வேண்டும், அங்கே அது தாத்தா பாட்டியின் பெயரைச் சொல்லி எழுதப்பட்டிருக்கவும் வேண்டும்.

எழுதிமுடித்துத் திரும்பப் படித்தபோது ஒரு தவறு கண்ணில் பட்டது. பத்மினி பேத்தியைத் தூங்கவைத்ததைக் குறை சொன்ன நான், இவ்வளவு நீளமான கட்டுரையில் பையனை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. அன்றைக்குப் பூந்தமல்லியில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவன் வாசல்படியில் உட்கார்ந்து போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தான். வெளியே வந்த நான் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு யாருகூட இருக்கணும்?" என்று கேட்டேன். வக்கீலிடம் கேட்டிருந்தால் இப்படிக் கேட்கக் கூடாது என்றிருப்பாள்.

அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்க வேணா இருக்கேன் அங்கிள். ஸ்கூல மட்டும் மாத்த வேணாம்னு சொல்லுங்க."

மனுவில் பள்ளியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பட்டாபிராமில் எந்த ஸ்கூலில் சேர்ப்பது என்று பெரியப்பா விசாரித்து வைத்திருந்தார்.